சோலைக்காட்டு அந்துப்பூச்சி: எல்லாரும் என்கிட்ட கேக்குற கேள்விகள்

கொடைக்கானல்லருந்து பூம்பாறை போற பக்கம் எங்க வீடு. முன்னாடி பூண்டுத் தோட்டம், பின்னாடி ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன சோலை. ஒன்பது வருஷமா வீட்டுக்குப் பின்னாடி வெள்ளை வேட்டியைக் கட்டி லைட் போட்டு ராத்திரி வர்ற அந்துப்பூச்சியப் பாத்து எழுதி வச்சுட்டு வர்றேன். பக்கத்து வீட்டுக்காரங்க, ஸ்கூல் பிள்ளைங்க, டூரிஸ்ட்டு, எங்க சொந்தக்காரங்கன்னு யார் வந்தாலும் கேக்குறது கிட்டத்தட்ட ஒரே கேள்விங்கதான். அதை எல்லாம் அவங்க கேட்ட மாதிரியே போட்டு எனக்குத் தெரிஞ்ச பதிலை இங்க எழுதிருக்கேன்.

"அந்துப்பூச்சின்னா அரிசில வருமே, அதுவா அக்கா?"

அதுவும் ஒண்ணு, ஆனா அது மட்டும் இல்ல. நெல்லு மூட்டைலயும் அரிசி டின்லயும் பறக்குற சின்ன சாம்பக் கலர் பூச்சிக்குத்தான் நம்ம ஊர்ல அந்துன்னு பேரு, அந்தப் பேரையே மொத்தக் கூட்டத்துக்கும் வச்சுட்டாங்க, அதனால அந்துப்பூச்சின்னு சொன்னதுமே எல்லாருக்கும் கெட்டுப்போன அரிசிதான் ஞாபகம் வருது. சில பேர் விட்டில்னு சொல்றாங்க, இராப்பூச்சின்னும் சொல்றாங்க. உலகத்துல பேர் வச்சது மட்டும் சுமார் 1,60,000 வகை இருக்கு, பட்டாம்பூச்சி எல்லாம் சேத்தே 18,000 சொச்சம்தான். இத்தனைல தானியத்துல கை வைக்கிறது ரொம்ப ரொம்பக் கொஞ்சம்.

"பட்டாம்பூச்சிக்கும் இதுக்கும் பாத்த உடனே எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்கிறது?"

தலைல இருக்குற உணர்கொம்பைப் பாருங்க. பட்டாம்பூச்சிக்கு நுனில தீக்குச்சி மாதிரி ஒரு குமிழ் இருக்கும். அந்துப்பூச்சிக்குப் பெரும்பாலும் நூல் மாதிரி இருக்கும், இல்லேன்னா இறகு மாதிரி விரிஞ்சிருக்கும், ஆணுக்கு நல்லா அகலமா இருக்கும் ஏன்னா பொண்ணு விடுற வாசனையை ரொம்ப தூரத்துலருந்தே பிடிக்கணும். உக்காரும்போது பெரும்பாலான அந்துப்பூச்சி றெக்கையை விரிச்சோ கூரை மாதிரி சாய்ச்சோ வச்சிருக்கும். ராத்திரில பறந்தா அந்து பகல்ல பறந்தா பட்டாம்பூச்சின்னு சொல்றது பாதிதான் சரி, பட்டப்பகல்ல பறக்குற அந்துப்பூச்சியும் நிறைய இருக்கு.

"வாட்ஸ்அப்ல ஒண்ணு வருதே, றெக்கைல பாம்புத்தலை இருக்குற பூச்சி, அதுதான அரிய வகை?"

அது அட்லஸ் அந்துப்பூச்சி. தென்னிந்தியாவுலயும் இலங்கைலயும் இருக்குற வகைக்கு அட்டாகஸ் டாப்ரோபேனிஸ்னு பேரு. விரிச்ச கை அளவுக்கு மேல இருக்கும், குன்னூர் கூடலூர் பக்கம் வீட்டுச் சுவத்துல வந்து உக்காந்தா அன்னைக்கு ஊரே போட்டோ எடுக்கும். வளந்த பூச்சிக்கு சாப்பிடுற வாயே கிடையாது, புழுவா இருக்கும்போது சேத்து வச்ச கொழுப்புலதான் ஒரு வாரம் போல உயிரோட இருக்கும், அதுக்குள்ள ஜோடி சேந்து முட்டை போட்டுட்டுப் போயிரும். அதனால சக்கரைத் தண்ணி வச்சேன் குடிக்கலன்னு வருத்தப்படாதீங்க.

ஆனா நான் கவலைப்படுறது இதுக்காக இல்ல. அட்லஸும் சரி, இளம்பச்சை நிறத்துல நீளமா வால் தொங்குற நிலா அந்துப்பூச்சியும் சரி, பல வகை மரத்து இலையைத் தின்னும், நிலா அந்துப்பூச்சி சமவெளில ஒதிய மரத்துலயே வளரும். பெருசா அழகா இருக்குறதுங்க எல்லாம் அரிய வகை இல்ல. அரிய வகைங்க பெரும்பாலும் கட்டை விரல் நகம் அளவுல, காஞ்ச இலை கலர்ல, யாரும் திரும்பிப் பாக்காத மாதிரி இருக்கும்.

"அப்ப எதுதான் அரியதுன்னு ஒரு பேர் சொல்லுங்களேன்"

இந்தக் கேள்விதான் எனக்கு ரொம்ப சங்கடமான கேள்வி, ஏன்னா அதுல முக்காவாசிக்குத் தமிழ்ல பேரே இல்ல. ஜார்ஜ் ஹாம்ப்சன்னு ஒரு வெள்ளைக்காரர், நீலகிரில டீ எஸ்டேட் வேலைக்கு வந்தவர், இங்க பிடிச்ச அந்துப்பூச்சிங்களை லண்டன் மியூசியத்துக்குக் கொண்டு போய் 1891ல நீலகிரி அந்துப்பூச்சிங்களைப் பத்தி மட்டுமே தனியா ஒரு புஸ்தகம் போட்டார். அதுக்கப்புறம் 1892லருந்து 1896க்குள்ள மொத்த இந்தியாவுக்கும் நாலு வால்யூம் எழுதினார். நம்ம மலைப் பூச்சிங்க பலதுக்கு அறிவியல் பேர் வந்தது அந்தக் காலத்துல அப்படித்தான். பேரு லத்தீன்ல இருக்கு, காஞ்ச உடம்பு லண்டன்ல டிராயர்ல இருக்கு, இங்க நம்ம பிள்ளைங்களுக்கு அதைக் கூப்பிட ஒரு வார்த்தை இல்ல. தமிழ் மறவன்னு ஒரு பட்டாம்பூச்சியை 2019ல மாநில வண்ணத்துப்பூச்சியா அறிவிச்சாங்க, எனக்கு அவ்ளோ சந்தோஷம், ஒரு அந்துப்பூச்சிக்கும் அப்படி நாலு பேர் வாயில வர்ற பேர் ஒண்ணு கிடைக்கணும்னு மனசுல இருக்கு.

ஒரு பூச்சி ஏன் அரியதாகுதுன்னா ரெண்டு காரணம். ஒண்ணு, அதோட புழு ஒரே ஒரு செடியையோ ஒரே குடும்பத்துச் செடிங்களையோ மட்டும் திங்கும். இன்னொண்ணு, அது இருக்குற இடம் சின்னது. ரெண்டும் சேந்தா ஆபத்து. சோலைல இருக்குற பல பூச்சிக்கு ரெண்டும் சேந்திருக்கு.

"இடம் சின்னதுன்னா? மேற்குத் தொடர்ச்சி மலை குஜராத்லருந்து கன்னியாகுமரி வரைக்கும் இருக்கே"

மலை நீளம்தான், ஆனா உச்சி நீளம் இல்ல. சோலையும் புல்வெளியும் இருக்குறது சுமார் 1,500 மீட்டருக்கு மேல. கீழ வெயில் ஊரு, மேல குளிரும் மேகமும், அந்த மேகத்துக்குள்ள நிக்கிற உச்சிங்க எல்லாம் கடல்ல தீவு மாதிரி தனித்தனியா நிக்குது. நீலகிரி ஒரு தீவு, நம்ம பழனி மலையும் ஆனைமலையும் ஒரு தீவு, நடுவுல சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குப் பாலக்காட்டுக் கணவாய். குளிர்ல பழகின சின்னப் பூச்சி அந்த வெக்கைல இறங்கி இந்தப் பக்கம் ஏறி வராது.

பறவைலயே இதைப் பாக்கலாம். சோலைக்கிளின்னு சொல்ற சின்ன நீலக் குருவி, கணவாய்க்கு வடக்க நீலகிரில ஒரு இனம், தெக்க நம்ம பக்கம் வேற இனம். றெக்கை இருக்குற குருவியே பிரிஞ்சு போச்சுன்னா நகம் அளவு பூச்சியைப் பத்தி யோசிச்சுக்கோங்க.

"சோலைன்னா காடுதான, மத்த காட்டுக்கும் இதுக்கும் என்ன பெருசா?"

உள்ள போய் நின்னீங்கன்னா தெரியும். மரம் எல்லாம் குட்டை, முறுக்கிக்கிட்டு நிக்கும், அடிமரத்துலருந்து கிளை நுனி வரைக்கும் பாசி, ஆர்க்கிட், பெரணி. மலை மடிப்புல தண்ணி இருக்குற இடத்துல மட்டும் சோலை, சுத்தி மேடு முழுக்கப் புல்லு. மார்கழி தை மாசம் புல்வெளில உறைபனி விழும், அதுல சோலை மரத்துக் கன்னு கருகிரும், அதனால ரெண்டும் அதது இடத்துல நிக்குது. காட்டை அழிச்சதால வந்த புல்லு இல்ல அது, ஆதிலருந்தே இருக்குற புல்லு.

சோலைக்கு ஒரு பூச்சிக் கூட்டம், புல்லுக்கு ஒரு கூட்டம், ரெண்டும் சேர்ற ஓரத்துக்கு ஒரு கூட்டம். குறிஞ்சி நிக்கிறது புல்லுமேட்டுலயும் ஓரத்துலயும், 2018ல பூத்துச்சு, அடுத்து 2030ல பூக்கும். டூரிஸ்ட்டு பூக்குற வருஷம் மட்டும் வர்றாங்க, ஆனா நடுவுல இருக்குற பதினோரு வருஷமும் அந்தச் செடி இலையோட நிக்குது, புழுவுக்கு வேண்டியது பூ இல்ல இலைதான்.

"பைன் பாரஸ்ட் எவ்ளோ பசுமையா இருக்கு, அதுல போய் இருந்துக்கக் கூடாதா?"

நான் இந்தப் பக்கம் எழுத உக்காந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். பச்சையா இருந்தா போதும்னு நாம நினைக்கிறோம், புழுவுக்குப் பச்சை எல்லாம் ஒண்ணு இல்ல. ஒவ்வொரு மரமும் தன் இலைல தனக்குன்னு ஒரு விஷம் வச்சிருக்கும், அதைச் செரிக்கக் கத்துக்கிட்ட புழு மட்டும்தான் அதைத் திங்கும், அந்தப் பழக்கம் வர்றதுக்கு லட்சக்கணக்கான வருஷம் ஆகுது. காட்டு நாவல், இலவங்கத்துச் சொந்தம், ருத்ராட்சத்துச் சொந்தம், செண்பகம் இதெல்லாம் நம்ம புழுவுக்குத் தெரிஞ்ச சாப்பாடு. பைன் மெக்சிகோலருந்து வந்தது, சீகை மரம்னும் வாட்டில்னும் சொல்றதும், கற்பூர மரம்னும் தைல மரம்னும் சொல்ற யூக்கலிப்டஸும் ஆஸ்திரேலியாலருந்து வந்தது. எதைக் குடுத்தாலும் திங்கிற ஒரு சில புழுங்களைத் தவிர மத்ததுக்கு அது இலையே இல்ல, பட்டினி கிடந்து செத்துரும்.

ஒரு தடவை பைன் காட்டுக்குள்ள தரைல உக்காந்து கையால கிளறிப் பாருங்க. நாலு விரல்கடை ஆழத்துக்கு ஊசி இலை, மக்காம அப்படியே கிடக்கும், அடில மண்ணு காஞ்சு போய் இருக்கும், ஒரு மண்புழு கிடைக்கிறதே கஷ்டம். அப்படியே நடந்து போய்ச் சோலைக்குள்ள ஒரு கை இலைக்குப்பையை அள்ளுங்க, கை ஈரமாகும், கறுப்பு மண்ணு ஒட்டும், அதுக்குள்ள அரக்குக் கலர்ல பளபளன்னு கொட்டைப் பாக்குக்குப் பாதி அளவுல ஒண்ணு கிடக்கும், விரல்ல தொட்டா வால்பக்கம் லேசா அசையும். அதுதான் கூட்டுப்புழு. நிறைய அந்துப்பூச்சி மாசக்கணக்கா அந்தக் குப்பைக்குள்ளதான் தூங்குது. பாத்துட்டு இருந்த இடத்துலயே மூடி வச்சுருங்க.

"இவ்ளோ சீகையும் கற்பூரமும் யார் நட்டது?"

ஆரம்பிச்சது வெள்ளைக்காரங்க. 1840கள்லயே நீலகிரிக்கு ரெண்டும் வந்துருச்சு, குளிருக்கு விறகு வேணும்னு. அப்புறம் சீகைப் பட்டைலருந்து தோல் பதப்படுத்துற டானின், கற்பூர மரத்துலருந்து மரக்கூழ், தைலம். சுதந்திரத்துக்கு அப்புறமும் நாமளும் விடாம நட்டோம், புல்லுமேட்டைப் பாத்தா வெத்து நிலம்னு அப்ப எல்லாரும் நினைச்சாங்க.

பழனி மலையைச் சேட்டிலைட் படம் வச்சு ஆராய்ச்சி பண்ணிருக்காங்க. 1973ல சுமார் 374 சதுர கிலோமீட்டர் புல்வெளி இருந்துச்சு, 2014ல 124தான் மிச்சம். அதே காலத்துல நட்ட மரக்காடு 18லருந்து 217 சதுர கிலோமீட்டருக்குப் போயிருச்சு. எங்க அப்பா சின்ன வயசுல மாடு மேச்ச மேடு எல்லாம் இப்ப சீகைதான், அவர் கை நீட்டிக் காட்டுற இடத்துல எனக்கு மரம்தான் தெரியுது. 2013ல கொடைக்கானல் சரணாலயம் வந்துச்சு, 600 சதுர கிலோமீட்டருக்கு மேல, அது பெரிய விஷயம்தான், ஆனா சரணாலயத்துக்குள்ளயும் சீகை பரவிக்கிட்டேதான் இருக்கு.

"அப்ப எல்லாத்தையும் வெட்டித் தள்ளிட்டா பழையபடி ஆயிரும்ல?"

ஆகாது, அவசரப்பட்டு வெட்டினா இன்னும் மோசமாகும். சீகை விதை மண்ணுக்குள்ள பல வருஷம் உயிரோட கிடக்கும், மரத்தை வெட்டி வெயில் பட்டதும் ஒண்ணுக்கு நூறா முளைக்கும். வெட்டின இடத்துல தொடர்ந்து பல வருஷம் கன்னைப் பிடுங்கிக்கிட்டே இருக்கணும், கூடவே நம்ம மலைப் புல்லை நடணும், இல்லேன்னா வெட்டின கூலிதான் மிச்சம்.

இன்னொண்ணு, பழைய சீகைக் காட்டுக்குள்ள நிழல்ல பல இடத்துல சோலை மரக் கன்னு தானா முளைச்சு வருது. சோலைக்குப் பக்கத்துல இருக்குற அந்த மாதிரி இடத்தைத் தொடாம விட்டா நாளாவட்டத்துல சோலையே அதை எடுத்துக்கும்னு சில ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க, புல்வெளி இருந்த இடம் சோலையா மாறினா புல்லுப் பூச்சிங்க எங்க போகும்னு கேக்குறவங்களும் இருக்காங்க. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. என் கணக்கு என்னன்னா, மிச்சம் இருக்குற புல்லுமேட்டு ஓரத்துல இப்பத்தான் ஏறுற இளம் சீகையை முதல்ல எடுக்கணும், அதுக்குச் செலவும் கம்மி, மேடும் தப்பிக்கும். பழைய அடர்ந்த காட்டை மெதுவாப் பாத்துக்கலாம். தமிழ்நாடு அரசு அயல் செடிகளை அகத்துறதுக்குன்னு 2022ல தனியா ஒரு கொள்கையே கொண்டு வந்துச்சு, அதுல காட்டை மீட்கிறதும் சேந்தே இருக்கு, அந்த ரெண்டாவது பாதியையும் விடாம செய்யணும்.

"புல்லுக்குத் தீ வச்சா நல்லாத் துளிர்க்கும்னு எங்க தாத்தா சொல்வாரே?"

தாத்தா காலத்துல மேட்டுல சீகை இல்ல. அப்ப கொஞ்சம் கொஞ்சமா எரிச்சாங்க, அடுத்த மழைல புல்லு வந்துச்சு. இப்ப மாசி பங்குனில ஒரு பொறி விழுந்தா காஞ்ச சீகையும் கற்பூரமும் எண்ணெய் ஊத்தின மாதிரி எரியுது, அதுவும் இல்லாம மேல சொன்னேன்ல விதை தூங்கிட்டு கிடக்கும்னு, அதை எழுப்பி விடுறதே அந்தச் சூடுதான். இலைக்குப்பைல இருக்குற கூட்டுப்புழு எல்லாம் அதுலயே போயிரும்.

"லைட் போட்டா பூச்சி வரத்தான் செய்யும், காலைல போயிரும், இதுல என்ன ஆபத்து?"

போறதில்லங்க. விளக்குல விழுற விட்டில்னு பழமொழியாவே சொல்லிட்டோம், ஆசைப்பட்டு வருதுன்னு நினைக்கிறோம். 2024ல வந்த ஒரு ஆராய்ச்சில ஸ்லோமோஷன் கேமரா வச்சுப் பாத்தாங்க. கோடிக்கணக்கான வருஷமா ராத்திரில வெளிச்சம்னா அது வானம், அதுக்கு முதுகைக் காட்டிப் பறந்தா நேராப் பறக்கலாம். நாம கீழ ஒரு பல்பு போட்டதும் அதுக்கும் முதுகைக் காட்டித் திரும்புது, திரும்பித் திரும்பி அதையே சுத்துது, வெளிய போக வழி தெரியாம மாட்டிக்குது.

அட்லஸ் மாதிரிப் பூச்சிக்கு ஆயுசே ஒரு வாரம்னு மேல சொன்னேன். அதுல ரெண்டு ராத்திரி உங்க போர்டிகோ பல்பைச் சுத்தியே போச்சுன்னா ஜோடி தேடுறது எப்ப, முட்டை போடுறது எப்ப. விடிஞ்சதும் கொண்டைக்குருவி வந்து சுவத்துலருந்து ஒவ்வொண்ணாக் கொத்தித் தின்னுட்டு றெக்கையை மட்டும் கீழ போட்டுரும். காலைல கூட்டுறவங்களைக் கேளுங்க, எத்தனை முறம் றெக்கை அள்ளினாங்கன்னு சொல்லுவாங்க.

"எங்களுது காட்டேஜ் மேடம், லைட் இல்லாம கெஸ்ட் எப்படி நடப்பாங்க?"

லைட்டே வேணாம்னு நான் சொல்லல. வெள்ளை எல்இடியை எடுத்துட்டு மஞ்சள் இல்லேன்னா ஆரஞ்சுக் கலர் பல்பு போடுங்க, நீல வெளிச்சம் கூடுதலா இருந்தா பூச்சி கூடுதலா வரும். பல்பு மேல தகரத் தொப்பி மாதிரி ஒரு மூடி போட்டு வெளிச்சம் கால்ல மட்டும் விழுற மாதிரி வைங்க. ஆள் வந்தா எரியுற சென்சார் இப்ப கொஞ்ச விலைக்கே கிடைக்குது. சோலையைப் பாத்து அடிக்கிற போகஸ் லைட்டை மட்டும் தயவுசெஞ்சு எடுத்துருங்க, காட்டை வெளிச்சம் போட்டுக் காட்டுறதால யாருக்கும் எதுவும் தெரியப்போறதில்ல.

ஒரு காட்டேஜ்காரர் (பேர் வேணாம்) முதல்ல சண்டைக்கே வந்துட்டார், அப்புறம் நாலு பல்பு மாத்திப் பாத்துட்டு ரூமுக்குள்ள பூச்சி வர்ற புகாரே குறைஞ்சுபோச்சுன்னு அவரே போன் பண்ணினார். 2024 மே மாசத்துலருந்து கொடைக்கானல் வர்றவங்களுக்கு இ-பாஸ் வச்சு வண்டியைக் கணக்குப் பண்றாங்க, அதே மாதிரி ராத்திரி வெளிச்சத்தையும் ஒருத்தர் கணக்குப் பண்ணினா நல்லாருக்கும்.

"ஏத்தா, புழுதான நம்ம முட்டைகோஸைத் திங்குது, அதையப் போய்க் காப்பாத்தச் சொல்றியே?"

இது எங்க பெரியப்பா கேட்டது, நியாயமான கோவம். நாங்களும் விவசாயம் பண்ற குடும்பம்தான். முட்டைகோஸை ஓட்டை போடுறது வைரமுதுகு அந்துப்பூச்சியோட புழு, உருளைக்கிழங்கைக் குடையுறது கிழங்கு அந்துப்பூச்சி, அது உருளை மாதிரியே தென் அமெரிக்காலருந்து வந்தது. அதுங்க சோலைல இருக்காது, அதுங்க இடம் தோட்டம்தான். சோலைல இருக்குறது உங்க கோஸைத் தொடாது பெரியப்பா, அதுக்கு அது சாப்பாடே இல்ல, பைன் கேள்விக்குச் சொன்ன அதே காரணம்தான்.

"சரி, மருந்து அடிக்காம எப்படி?"

அடிக்கவே கூடாதுன்னு சொல்ல எனக்கு மனசு வராது, ஒரு வெள்ளாமை போனா என்ன ஆகும்னு எங்க வீட்டுலயே பாத்திருக்கேன். ஆனா எப்படி அடிக்கிறோம்ங்குறது நம்ம கைல இருக்கு. ஓடைக்கும் சோலை ஓரத்துக்கும் பக்கத்துல இருக்குற நாலு வரிசையை விட்டுட்டு அடிங்க, காத்து சோலைப் பக்கம் வீசும்போது அடிக்காதீங்க. பிடி (Bt) மருந்து, அதாவது ஒரு பாக்டீரியாவுலருந்து செய்யுற புழு மருந்து, இயற்கை மருந்துதானன்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க, மனுசனுக்கும் தேனீக்கும் அது பரவால்ல, ஆனா அது வேலை செய்யுறதே புழு மேலதான், நல்ல புழு கெட்ட புழு அதுக்குத் தெரியாது.

இனக்கவர்ச்சிப் பொறி வைங்க, அதுல இருக்குற வாசனை ஒரு வகைப் பூச்சிக்கு மட்டும் உள்ளது, அந்த ஆண்பூச்சி மட்டும் வந்து விழும். விளக்குப் பொறியை மட்டும் சோலை ஓரத்துல வைக்காதீங்க, அது கோஸ் பூச்சி பத்துக்குச் சோலைப் பூச்சி நூறையும் சேத்து இழுத்துரும். எங்க தோட்டத்துல விளக்குப் பொறித் தொட்டில ஒரு நாள் காலைல நானே எண்ணிப் பாத்தேன், சோப்புத் தண்ணில மிதந்ததுல பாதிக்கு மேல எங்க பயிரைத் தொடாத பூச்சி. அன்னைக்கே அதைக் கழட்டினோம்.

"இங்க குளிர்தான, கொஞ்சம் சூடு கூடினா பூச்சிக்கு நல்லதுதான?"

குளிர்லயே பழகினதுக்கு அது நல்லது இல்ல. சூடு கூடினா கீழ இருக்குறதுங்க மேல ஏறி வரும், மேல இருக்குறது இன்னும் மேல ஏறணும். மேற்குத் தொடர்ச்சி மலைலயே உசந்த ஆனைமுடியே 2,695 மீட்டர்தான், நம்ம பழனி மலை அதைவிடக் குட்டை. அதுக்கு மேல ஏற மலை இல்ல.

அதுவும் இல்லாம எல்லாம் ஒரே நேரத்துல நகராது. பூச்சி ஒரு வருஷத்துல இடம் மாறிரும், அது திங்கிற மரம் மாற நூறு வருஷம் ஆகும். மழை முன்னப் பின்ன ஆனா இலை துளிர்க்குற நாளும் முட்டை பொரியுற நாளும் மாறிப் போகும். பொரிஞ்ச புழுவுக்கு முத்தின இலையைக் கடிக்க முடியாது, அதுக்குத் தளிர் வேணும், ஒரு வாரம் தள்ளிப்போனா அந்தத் தலைமுறையே போச்சு.

"வேற நாட்டுல எங்கயாவது இப்படி மலை அந்துப்பூச்சி அழிஞ்சிருக்கா?"

ஆஸ்திரேலியால போகாங்னு ஒண்ணு இருக்கு. சமவெளில பொறந்து வெயில் காலம் வந்ததும் ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் பறந்து மலை உச்சிக் குகைங்கள்ல போய் ஓடு போட்ட மாதிரி ஒண்ணு மேல ஒண்ணா ஒட்டிக்கிட்டு தூங்கும், ஒரு சதுர மீட்டர்ல 17,000 வரைக்கும். 2017லருந்து வந்த பஞ்சத்துல சமவெளில புழு திங்க எதுவும் இல்லாம எண்ணிக்கை நூத்துல ஒரு பங்குக்கும் கீழ போயிருச்சு. மலைல அதை நம்பி இருந்த போசம்னு (possum) சொல்ற எலி அளவு பிராணி ஒண்ணு, குட்டிங்களைப் பட்டினியாச் சாக விட்டுச்சு. 2021ல போகாங்கை அழியுற ஆபத்துல இருக்குற பட்டியல்ல சேத்தாங்க. கோடிக்கணக்குல இருந்த பூச்சி அது.

சீகையும் கற்பூர மரமும் பொறந்த ஊரு அதே தென்கிழக்கு ஆஸ்திரேலியாதான். அங்க அந்த மரத்துக்கு ஏத்த புழு இருக்கு, புழுவுக்கு ஏத்த குருவி இருக்கு. இங்க மரம் மட்டும் தனியா வந்து நிக்குது.

"ஒரு பூச்சி போனா போகட்டுமே, என்ன ஆயிரப் போகுது?"

பெரும்பாலான குருவி தன் குஞ்சுக்குப் பழம் ஊட்டி வளக்குறதில்ல, புழுதான் ஊட்டும், ஒரு கூடு முழுக்கக் குஞ்சு வளரணும்னா ஆயிரக்கணக்குல புழு வேணும். ராத்திரில பூக்குற வெள்ளைப் பூவுக்கு மகரந்தம் கொண்டு போறது அந்துப்பூச்சி. வௌவால் சாப்பாடு அது. இலையைத் தின்னு எச்சமாப் போட்டு மண்ணுக்கு உரம் ஆக்குறதும் அதுதான். சோலை போனா ஓடை போகும், எங்க பூண்டுக்குத் தண்ணி அந்த ஓடைலதான் வருது. ஆனா இதெல்லாம் இல்லேன்னாலும் நான் இதே வேலையைத்தான் பண்ணுவேன், அது நமக்கு முன்னாடிலருந்து இங்க இருக்கு, அது போதும் எனக்கு.

"நீங்களே வேட்டி கட்டி லைட் போட்டுத்தான பூச்சி பாக்குறீங்க, அது மட்டும் சரியா?"

ஒரு ஏழாவது படிக்கிற பையன் கேட்டான், அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. லைட் போட்டா கெடுதல்தான், நான் போட்டாலும். அதனால மாசத்துல ரெண்டு நாள் மட்டும், ரெண்டு மணி நேரத்துக்கு மேல இல்ல. முடிஞ்சதும் லைட்டை அணைச்சுட்டு வேட்டியை மெதுவா உதறி, உக்காந்திருக்குறதை எல்லாம் கைல ஏத்திச் செடிக்குள்ள விட்டுட்டுத்தான் படுப்பேன். பூச்சியக் குத்தி வைக்கிறதில்ல, போட்டோ மட்டும்தான். எங்க என்ன இருக்குன்னு தெரியாம எதையும் காப்பாத்த முடியாதுங்குறதால இதைப் பண்றேன்.

"நாங்களும் பாக்கணும்னா காட்டுக்குள்ள போகணுமா?"

போகவே வேணாம், ராத்திரில ரிசர்வ் பாரஸ்ட்டுக்குள்ள அனுமதி இல்லாமப் போறது குத்தம், சரணாலயத்துல எதையும் பிடிக்கவோ எடுத்துட்டு வரவோ கூடாது. உங்க வீட்டுப் பின்பக்கச் சுவரே போதும். ஒவ்வொரு வருஷமும் ஜூலை கடைசி வாரம் உலகம் முழுக்க அந்துப்பூச்சி வாரம் கொண்டாடுறாங்க, அப்ப ஆரம்பிங்க. எடுத்த போட்டோவை ஐநேச்சுரலிஸ்ட்ங்குற (iNaturalist) வெப்சைட்ல தேதி, இடத்தோட போடுங்க, தெரிஞ்சவங்க பேர் சொல்லுவாங்க. மங்கலா இருந்தாலும் போடுங்க.

"கம்பளிப்பூச்சி பட்டா உடம்பெல்லாம் தடிக்குதே, கொல்லாம என்ன பண்றது?"

எல்லாக் கம்பளிப்பூச்சியும் அரிக்காது, ஆனா எது அரிக்கும்னு தெரியாததால எதையும் தொடாதீங்க. பட்டுருச்சுன்னா தேய்க்கக் கூடாது, செல்லோடேப்பை ஒட்டி ஒட்டி எடுத்தா முடி வந்துரும், அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவுங்க. கண்ணுல பட்டாலோ மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரி. பாதைல இருந்தா ஒரு நீளக் குச்சில ஏத்தி அது இருந்த செடியிலயே விட்டுருங்க, வேற செடில விட்டா என்ன ஆகும்னு மேல சொல்லிருக்கேன்.

"அக்கா, கூடு ஒண்ணு கிடைச்சுது, வீட்டுக்குள்ள டப்பால வச்சிருக்கேன், இப்ப என்ன பண்ண?"

எடுத்த இடம் ஞாபகம் இருந்தா அங்கயே கொண்டு போய் வச்சுருங்க, அதுதான் நல்லது. அந்த இடத்தை வெட்டிட்டாங்க, இல்ல தீ வச்சுட்டாங்கன்னா மட்டும் வீட்டுல வைங்க. மூடின டப்பா வேணாம், அட்டைப்பெட்டி எடுத்து உள்பக்கம் சொரசொரப்பா ஒரு குச்சியைச் சாய்ச்சு வைங்க, ஈரத்துணி ஒண்ணு ஓரத்துல, வெயிலும் வேணாம் ஹீட்டரும் வேணாம். மாசக்கணக்குல ஒண்ணுமே நடக்காது, செத்துப் போச்சுன்னு தூக்கிப் போட்டுராதீங்க.

எங்க வீட்டுல போன மே மாசம் முதல் மழை விட்ட சாயங்காலம் ஒண்ணு வெளிய வந்துச்சு. கூட்டோட நுனி ஈரமாச்சு, உள்ளருந்து சுரண்டுற சத்தம், அப்புறம் நனைஞ்ச பஞ்சு மாதிரி ஒரு உடம்பு, றெக்கை இருக்குற இடத்துல கசங்கின டிஷ்யூ மாதிரி ரெண்டு துண்டு. குச்சில ஏறித் தலைகீழாத் தொங்கினதும் அந்தத் துண்டு ரெண்டும் கொஞ்சம் கொஞ்சமா இறங்க ஆரம்பிச்சுது, ஒரு அரை மணி நேரத்துல இளம்பச்சை றெக்கை, அதுல கண்ணு மாதிரி நாலு புள்ளி, வால் ரெண்டும் சுருள் பிரிஞ்சு தொங்குச்சு. அதுக்கு அப்புறமும் காயுறதுக்கு ரெண்டு மூணு மணி நேரம் ஆகும், தொங்க இடம் இல்லாட்டி றெக்கை சுருங்கியே காஞ்சுரும், பறக்கவே முடியாது, குச்சி வைக்கச் சொன்னது அதுக்குத்தான். நல்லா இருட்டினதும் வீட்டு லைட் எல்லாத்தையும் அணைச்சுட்டுப் பெட்டியை வெளிய தூக்கிட்டுப் போய்த் திறந்து வைங்க. கூடவே நிக்கணும்னு இல்ல, அது தயாரானதும் போயிரும்.